கடலில் இறங்கிய எருதுகள்

ஓர் ஓவியத்தைப் பார்த்துப் படித்தல்



எருதை நாம் வயலில் கண்டிருக்கிறோம். வண்டியில் கண்டிருக்கிறோம். சூடு மிதிக்கும் களத்தில் கண்டிருக்கிறோம். ஆனால் அலை வந்து மோதும் கடல்நீரில் நுகத்தோடு நின்று, பாய் விரித்த மீன்பிடிப் படகொன்றைக் கரைக்கு இழுக்கும் எருதை நம்மில் பலர் கண்டிருக்க மாட்டோம். அப்படியொரு காட்சியை ஸ்பெயின் நாட்டு ஓவியரான ஹோவாக்கின் சொரோயா 1894ஆம் ஆண்டில் வரைந்தார். 'மீன்பிடியிலிருந்து திரும்புதல்' என்பது அதன் பெயர். 1895இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. பிரெஞ்சு அரசாங்கமே இதை விலை கொடுத்து வாங்கியது. இன்று பாரிஸிலுள்ள ஓர்சே நூதனசாலையில் இதனைக் காணலாம்.

இந்த இதழில் அவ்வோவியத்தையும், அதே ஓவியர் அதே கரையோர மக்களைப் பற்றி வரைந்த வேறு இரண்டு ஓவியங்களையும் எடுத்துக்கொள்வோம். "மண்வெட்டி பிடிப்பவனுக்கு ஓவியம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. கையால் உழைத்து வாழும் ஓர் ஊர் மக்கள் எப்படித் தொழில் செய்தார்கள், தங்கள் உழைப்பின் விலையை எப்படி உணர்ந்தார்கள், எப்படி ஒன்று சேர்ந்தார்கள், தங்கள் ஊரை இழக்காதிருக்க என்ன செய்தார்கள் என்பவற்றையெல்லாம் இந்த ஓவியங்களை வாசலாகக் கொண்டு நாம் அறிந்துகொள்ளலாம். அதற்காகவே இப்பாடம்.

1. முதலில் பார்ப்போம்

படமொன்றைக் கண்டதும் "நல்ல படம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவது நமது வழக்கம். வயலைப் பார்க்கும் கமக்காரர் அப்படிப் பார்ப்பதில்லை. வரம்பில் நின்று, நீர் எங்கே தேங்குகிறது, பயிர் எங்கே மஞ்சளித்திருக்கிறது, மாடு எந்தப் பக்கத்தால் புகுந்தது என்றெல்லாம் நோட்டம் விடுவார். அதே கண்ணோடு இந்த ஓவியத்தையும் பார்ப்போம்.

ஓவியம் மிகப் பெரியது. உயரம் ஏறக்குறைய 2.65 மீற்றர், அகலம் நான்கு மீற்றருக்குச் சற்று அதிகம். ஒரு சிறு வீட்டின் முன்சுவரையே மூடிவிடக்கூடிய அளவு அது. அக்காலத்தில் இவ்வளவு பெரிய துணியில் அரசர்களையும் போர்களையும் புராணக் கதைகளையுமே பெரும்பாலும் வரைவார்கள். சொரோயா அந்த இடத்தை மீனவருக்கும் எருதுகளுக்கும் கொடுத்தார்.

கண்ணை முதலில் இழுப்பது பாய். காற்றை வாங்கிப் புடைத்து நிற்கும் முக்கோணப் பாய். வெயில் அதன் மீது விழுந்து, துணியினூடாகவும் கசிகிறது. அடுத்துக் கண்ணில் படுவன எருதுகள். நுகத்தில் பூட்டப்பட்ட அவை தண்ணீருக்குள் நின்று பாரத்தைத் தோளில் வாங்குகின்றன. அவற்றின் அருகே நீரில் இறங்கி நிற்கும் மனிதர்கள். அவர்கள் படம் எடுப்பதற்காக அழகாக நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் அல்லர். அவரவர் கண்ணும் கையும் அவரவர் வேலையில் இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடலில் மீன் பிடித்தது ஒரு வேலை. படகைக் கரைசேர்ப்பது இன்னொரு வேலை. ஓவியர் வரைந்தது இரண்டாவதை. வலை நிறைந்தவுடன் பாடு முடிந்துவிடுவதில்லை. நெல் விளைந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். வெட்டி, கட்டி, சூடடித்து, தூற்றி, மூடையாக்கி வீட்டுக்குக் கொண்டுவரும்வரை விளைச்சல் நமதல்ல. அதைப் போலவே படகு கரையேறும்வரை மீன் அவர்களுடையதல்ல.

2. எருது ஏன் கடலுக்குப் போயிற்று?

இக்காட்சி நடந்த இடம் ஸ்பெயினின் கிழக்குக் கரையிலுள்ள வலென்சியா நகரம். அங்கே பெரிய துறைமுகம் ஒன்று உண்டு. அதற்கு வடக்கே நீண்ட மணற்கரை. அக்கரையோரம் கபன்யால் என்னும் மீனவர் குடியிருப்பு அமைந்திருந்தது. 'குடிசைகள்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அங்கு முதலில் இருந்தவை நாணலாலும் மண்ணாலும் கட்டிய கூரை வீடுகளே. 1796ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெருந்தீயில் அவற்றுட் பல எரிந்து போயின.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வலென்சியாத் துறைமுகத்துக்கு அலைதடுப்பு அணைகள் கட்டப்பட்டன. கடலோரமாக வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் இந்த அணைகளில் தடைப்பட்டு, அவற்றின் வடபுறத்தில் படியத் தொடங்கியது. வாய்க்காலில் குறுக்கே கட்டை விழுந்தால் மேற்புறத்தில் வண்டல் சேர்வதைக் கண்டிருப்போம். அதே விதிதான். இதனால் கபன்யால் கரை ஆண்டுக்காண்டு கடலுக்குள் நீண்டது. முன்பு கடலோரமாக இருந்த வீடுகள் உள்ளே தள்ளிப்போயின. புதிதாகத் தோன்றிய நிலத்தில் புதுத் தெருக்கள் எழுந்தன. துறைமுகத்துக்குத் தெற்கேயோ மணல் வந்து சேராமையால் கரை அரிக்கப்பட்டது. ஓரிடத்தில் கட்டும் அணை இன்னோரிடத்து மக்களின் நிலத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடும் என்பதற்கு இது தெளிவான உதாரணம்.

கபன்யால் மீனவர் தங்கள் படகுகளை மணற்கரையிலேயே ஏற்றி வைத்தார்கள். பெரிய மரப்படகு, நனைந்த பாய், ஊறிய வலை, மீன் என்று எல்லாம் சேர்ந்த பாரத்தை மென்மணலில் மனிதர் மட்டும் இழுத்து ஏற்றுவது கடினம். ஆகவே சோடி சோடியாக எருதுகளைக் கடலுக்குள் இறக்கினார்கள். சேற்று வயலில் கலப்பையை இழுப்பதற்கு எருது ஏன் ஏற்றது என்பதை நாம் அறிவோம். அவசரப்படாது, காலை ஊன்றி, ஒரே சீராக இழுக்கும். மணலிலும் அலையிலும் தேவைப்பட்டது அந்தக் குணமே. அவற்றைச் சாய்ப்பவர் அலையின் போக்கையும் அறிந்திருக்க வேண்டும். அலை படகைத் தூக்கும் நேரத்தில் எருது இழுத்தால் பாரம் பாதியாகும்.

எருதின் பெயர் அந்தக் கடற்றொழிலுக்குள்ளும் புகுந்துவிட்டது. வலென்சியாவின் மொழியில் எருதை 'பொவ்' என்பார்கள். இரண்டு பாய்ப்படகுகள் அருகருகே சென்று ஒரே இழுவை மடியைக் கடலடியில் இழுத்துச் செல்லும் முறைக்கும் 'பொவ்' என்றே பெயர். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகள் ஒரு கலப்பையை இழுப்பதுபோல இரண்டு படகுகள் ஒரு மடியை இழுத்தன. உழவு கடலுக்குப் போன கதை இது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. உழுத நிலம் அடுத்த போகத்துக்கு ஆயத்தமாகும். இழுவை மடி அரித்த கடலடி அப்படியல்ல. குஞ்சும் பூச்சியும் பூண்டும் ஒருங்கே வாரப்படுகின்றன. ஸ்பெயினின் கரைகளில் இம்முறைக்கு எதிராக 18ஆம் நூற்றாண்டிலேயே முறைப்பாடுகளும் தடைகளும் எழுந்தன. இயந்திரப் படகுகள் வந்தபின் இந்தச் சேதம் பன்மடங்காயிற்று. நமது வடகடல் மீனவர் இழுவைப் படகுகளால் பட்ட நட்டம் வாசகர் அறிந்ததே. இலங்கைப் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி இழுவை மடித் தொழிலைத் தடைசெய்தது. அழகான ஓவியம் தொழிலின் எல்லாப் பக்கங்களையும் காட்டிவிடாது. காட்டாத பக்கத்தையும் நாமே கேட்டறிய வேண்டும்.

3. வரைந்தவர் யார்?

சொரோயா 1863ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி வலென்சியாவில் பிறந்தார். இரண்டு வயதில், 1865ஆம் ஆண்டு பரவிய கொலரா நோயால் தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்தார். அவரையும் தங்கையையும் எடுத்து வளர்த்தவர்கள் தாயின் சகோதரியும் அவரது கணவரும். சிற்றப்பா பூட்டுச் செய்யும் தொழிலாளி. சிறுவன் பட்டறையில் உதவிக்கொண்டே, தொழிலாளருக்கான பள்ளியில் மாலை வகுப்பில் சித்திரம் கற்றான். திறமையைக் கண்டு வலென்சியா மாகாண சபை புலமைப்பரிசில் கொடுத்து அவரை உரோமாபுரிக்கு அனுப்பியது.

பெயர் பெற்றபின் அவர் அரசரையும் செல்வந்தரையும் வரைந்தது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் தம் ஊர்க் கரைக்குத் திரும்பினார். வெயிலில் நின்று, காற்றில் துணி பறக்காதபடி மறைப்புக் கட்டி, மீனவரையும் எருதுகளையும் குளிக்கும் பிள்ளைகளையும் வரைந்தார். 1909ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் அவரது 356 ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ஏறக்குறைய ஒரு மாத காலத்துக்குள் 160,000 பேர் வரையில் வந்து பார்த்தார்கள். 1920இல் பக்கவாதத்தால் தூரிகையைக் கீழே வைத்தார். 1923ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் காலமானார்.

பெற்றோரை இழந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்த குடும்பங்கள் நம் மத்தியில் ஏராளம். அந்தப் பூட்டுப் பட்டறையில் கிடைத்த ஒரு மூலையும் ஒரு மாலை வகுப்பும் இல்லாதிருந்தால் இந்த ஓவியங்கள் இல்லை. இதைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

4. பாயைத் தைத்தவர்கள்

இரண்டாவது ஓவியத்தின் பெயர் 'பாய் தைத்தல்'. 1896ஆம் ஆண்டில் வரையப்பட்டது. இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரிலுள்ள கலைக்கூடத்தில் இருக்கிறது.

இதில் கடல் இல்லை. படகும் இல்லை. பூச்செடிகளும் கொடிநிழலும் உள்ள ஒரு முற்றம். அதன் நடுவே நீண்டு மடிந்து கிடக்கும் வெள்ளைப் பாய். அதைச் சுற்றிப் பெண்கள் இருந்து தைக்கிறார்கள். உடன் ஆண்களும் உதவுகிறார்கள். இலைகளினூடாக வரும் வெயில் பாயின் மடிப்புகளில் துண்டு துண்டாக விழுகிறது.

முதல் ஓவியத்தில் கண்ணை இழுத்தது பாய் என்றோம். அந்தப் பாயைக் கடலுக்கு அனுப்பியவர்கள் இவர்கள். முதல் ஓவியத்தில் தண்ணீரில் நிற்பவர்கள் ஆண்கள். அதை மட்டும் பார்த்தவர் "மீன்பிடி ஆண்களின் தொழில்" என்று சொல்லிவிடுவார். இரண்டாவதையும் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். தையல் விட்டுப்போன பாயோடு கடலுக்குப் போனவன், காற்று மாறும் நேரத்தில் அதன் விலையைக் கொடுக்க நேரிடும்.

நமது கமத்திலும் நாற்று நடுபவர், களை பிடுங்குபவர், விதைநெல்லைக் காயவைத்துக் காப்பவர் யார்? அறுவடையின் பின் "இது யாருடைய உழைப்பு?" என்று கேட்டால் யாருடைய பெயர் சொல்லப்படுகிறது? இந்தக் கேள்வியைப் பிறகு குழுவில் பேசுவதற்காகக் குறித்து வைப்போம்.

5. மீனின் விலை

மூன்றாவது ஓவியமும் 1894ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஸ்பெயின் தலைநகரான மட்ரிட்டில் உள்ள பிராடோ நூதனசாலையில் இருக்கிறது. 1895ஆம் ஆண்டின் தேசியக் கண்காட்சியில் முதற்தரப் பதக்கம் பெற்று, அரசினால் வாங்கப்பட்டது. அதன் பெயரே ஒரு வசனம்: 'இதற்குப் பிறகும் மீன் விலை கூடவென்கிறார்கள்!'

படகின் உள்ளறை. இளைஞன் ஒருவன் மேலாடையின்றிச் சாய்ந்து கிடக்கிறான். அவன் காயப்பட்டிருக்கிறான். கழுத்தில் பாதுகாவலுக்காக அணிந்த பதக்கம் ஒன்று தொங்குகிறது. வயது சென்ற மீனவர் ஒருவர் அவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். மற்றொருவர் காயத்தில் துணியை வைத்து அழுத்துகிறார். வைத்தியர் இல்லை. கரை தூரம். பின்னால் அன்றைக்குப் பிடித்த மீன்கள் குவிந்து கிடக்கின்றன.

முதல் ஓவியத்தில் வெயில், காற்று, வெற்றியோடு கரைசேரும் படகு. இதிலே அதே தொழிலின் இருட்டறை. ஒரே ஆண்டில் ஒரே கை இரண்டையும் வரைந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தொழிலின் முழு உருவம் தெரியும்.

அக்காலத்தில் அதே கரையில் இளம் எழுத்தாளர் ஒருவரும் உலாவிக்கொண்டிருந்தார். அவர் பெயர் விசென்தே பிளாஸ்கோ இபான்யெஸ். சொரோயாவின் ஊரவர், அவரிலும் நான்கு வயது இளையவர். கபன்யால் மீனவரைப் பற்றிய 'மே மலர்' என்னும் நாவலை 1895இல் வெளியிட்டார். தாம் கதையை மனத்தில் கட்டிக்கொண்டு கரையில் நடந்த நாட்களில், வெயிலில் நின்று வரைந்துகொண்டிருந்த சொரோயாவைக் கண்டதாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 'மே மலர்' என்பது கதையில் வரும் படகின் பெயர். கதை கடலில் நேரும் சாவோடும், சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுபவர்கள் மீது ஒரு மூதாட்டி கொள்ளும் கோபத்தோடும் முடிகிறது. ஓவியத்தின் பெயரும் அதே கோபத்தைத்தான் சொல்கிறது.

மீன் கரைக்கு வந்ததும் அதைக் கூறி விற்பார்கள். வாங்குபவர் மீனின் கண்ணையும் செவுளையும் பார்க்கிறார், விலையைக் கேட்கிறார், "கூடிப்போச்சு" என்கிறார். மீனைப் பிடித்தவன் இரவில் என்ன கொடுத்தான் என்பது கூறலில் கேட்கப்படுவதில்லை. விலையில் வலை அடங்கும், பாய் அடங்கும், எருதுக்கான வைக்கோல் அடங்கும். உயிருக்கான ஆபத்து மட்டும் எவரது கணக்கிலும் ஏறாது. அதை மீனவனும் அவன் வீட்டாரும் தாமே சுமக்கிறார்கள்.

நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் இதே கதைதான். மூடைக்கு இவ்வளவு என்று தரகர் சொல்லும்போது, விதை, பசளை, கூலி என்று நாம் கணக்குக் காட்டுவோம். பாம்பு கடித்த இரவு, யானைக்காகக் கண்விழித்த இரவுகள், பெண்பிள்ளைகளின் கூலியில்லா உழைப்பு என்பவற்றை நாமே எழுதாமல் விட்டுவிடுகிறோம். எழுதினால் விலை உடனே கூடிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தன் உற்பத்திச் செலவை முழுமையாக அறியாதவன் பேரம் பேசும் இடத்தில் பாதித் தோல்வியோடு தொடங்குகிறான்.

6. எருது யாருடையது?

ஓவியத்தில் தெரியாத இன்னொரு கேள்வி இது. படகு யாருடையது? எருது யாருடையது? மத்தியதரைக் கடலோரங்களில் மீனவருக்கு மாதச் சம்பளம் வழக்கமில்லை. பிடிபட்ட மீனை விற்று, பொதுச் செலவைக் கழித்து, எஞ்சியதைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பங்கிடுவார்கள். படகு நாள் முழுதும் வெறுமனே நின்றாலும் அதற்கொரு பங்கு என்ற கணக்கை நமது வாரக்குடிகள் நன்கு விளங்கிக்கொள்வார்கள். நமது கரையோரச் சம்மாட்டிமாரையும் அவர்களது ஆட்களையும் அறிந்தவர்களுக்கும் அது புதிதல்ல.

ஒரு படகுக்காரர் தனியாக எருதுச் சோடிகளை வைத்துப் பராமரிப்பது பெருஞ்செலவு. ஆண்டு முழுவதும் தீனி வேண்டும். தேவைப்படுவதோ படகு போகும்போதும் வரும்போதும் மட்டுமே. எனவே கபன்யாலில் 'மரீனா அவுக்சிலியாந்தே' என்னும் மீன்பிடிச் சங்கம் எருதுகளைப் பொதுவாக வைத்துப் பராமரித்தது. அவற்றுக்காக 1895ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தொழுவம் 'எருதுகளின் வீடு' என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. அதன் முகப்பில் எருதுத் தலை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது.

அதே சங்கம் 1909ஆம் ஆண்டளவில் நீண்ட மீன் மண்டபம் ஒன்றையும் கட்டி முடித்தது. அந்நேரம் மொறொக்கோவில் போர். காயப்பட்டு வந்த படையினருக்கு மருத்துவமனையாக அம்மண்டபம் பயன்பட்டது. பிற்காலத்தில் அதன் அறைகள் குடும்பங்கள் வாழும் வீடுகளாகின. ஒரு தேவைக்காகக் கட்டிய கட்டடம் இன்னொரு தேவைக்கு மாறுவதைப் பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் தங்கி வாழ்ந்த நமது குடும்பங்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே நமக்குரிய பாடம் எளியது. தனியாளால் வைத்திருக்க முடியாத கருவியைச் சிலர் கூடினால் வைத்திருக்கலாம். இறைப்பு இயந்திரம், சூடடிக்கும் இயந்திரம், உழவு இயந்திரம் என்பன இன்றைய எருதுகள். ஆனால் கூட்டாக வாங்குவது இலகு. கூட்டாகப் பராமரிப்பதே கடினம். தீனி போடுவது யார், முறை யாருக்கு முதலில், பழுதானால் செலவு யாருடையது என்பவற்றை இயந்திரம் வருவதற்கு முன்னரே எழுதிக்கொள்ளாத சங்கம், இயந்திரம் பழுதாகும் நாளில் தானும் பழுதாகிவிடும்.

7. ஊரைக் காத்தவர்கள்

படகுகளுக்கு இயந்திரம் வந்தது. துறைமுகத்துக்குள் கட்டும் வசதியும் வந்தது. எருதுகள் மெல்ல மெல்லக் கரையிலிருந்து மறைந்தன. 1837ஆம் ஆண்டிலிருந்து தனி நகரசபையாக இருந்த கபன்யால் பகுதி 1897இல் வலென்சியாவோடு இணைக்கப்பட்டது. ஆயினும் கடலுக்குச் சமாந்தரமாக ஓடும் அதன் குறுகிய தெருக்களும் நிற ஓடு பதித்த சிறு வீடுகளும் அப்படியே இருந்தன. பழைய கூரை வீடுகள் நின்ற வரிசையிலேயே அத்தெருக்கள் அமைந்தன. 1993ஆம் ஆண்டில் அரசு அப்பகுதியைப் பாதுகாக்கப்பட வேண்டிய பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

ஐந்து ஆண்டுகளுக்குள் வேறொரு திட்டம் வந்தது. நகரத்தின் அகன்ற வீதியொன்றைக் கடல்வரை நீட்டுவதற்கு நகரசபை முடிவு செய்தது. வழியில் நின்றது கபன்யால். 1,600இற்கு மேற்பட்ட வீடுகள் இடிபட வேண்டும். அந்த வீதியின் பெயர் பிளாஸ்கோ இபான்யெஸ் வீதி. கபன்யால் மீனவரின் துயரத்தை நாவலாக எழுதியவரின் பெயரைக் கொண்ட வீதியே அவர்களது பேரப்பிள்ளைகளின் வீடுகள் மீது வரவிருந்தது. ஒரு மக்களைப் பற்றிய ஓவியத்தைப் போற்றுவதும் அவரது பெயரை வீதிக்கு வைப்பதும் வேறு. அம்மக்களின் வீட்டை மதிப்பது வேறு.

மக்கள் 1998ஆம் ஆண்டில் 'கபன்யாலைக் காப்போம்' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். நீதிமன்றம் சென்றார்கள். ஊர்வலம் போனார்கள். இவற்றோடு இன்னொன்றும் செய்தார்கள். தங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். 'திறந்த கதவுகள்' என்ற பெயரில், வீட்டுக்குள்ளேயே கலைக்காட்சிகளை வைத்து, நகரத்தாரை உள்ளே அழைத்தார்கள். "இது பழுதடைந்த குடியிருப்பு" என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், ஓடு பதித்த முற்றத்தையும் அங்கே வாழும் மனிதரையும் நேரில் கண்டார்கள். வீடுகளையும் நினைவுகளையும் ஆவணப்படுத்தும் முயற்சியும் நடந்தது. 'உயிருள்ள ஆவணக் காப்பகம்' என்ற அந்த முயற்சிக்கு 2013ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பண்பாட்டு மரபுரிமைப் பரிசு கிடைத்தது.

போராட்டம் இலகுவாக முடியவில்லை. இதற்கிடையே பல வீடுகள் இடிக்கப்பட்டன. பல பாழடைந்தன. சிலர் களைத்து வெளியேறினார்கள். 2009ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பெயினின் பண்பாட்டு அமைச்சு, இத்திட்டம் பண்பாட்டுச் சொத்தைச் சூறையாடுவதாகும் என்று கூறி அதை நிறுத்த உத்தரவிட்டது. 2015இல் பதவிக்கு வந்த புதிய நகரசபை திட்டத்தைக் கைவிட்டது. பதினேழு ஆண்டுகள் சென்றன. அதன் பின்னர் வாடகை ஏறி, பழைய குடிகளுக்கு வேறு நெருக்கடி வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஊரைக் காப்பது ஒரே நாளில் முடியும் வேலையல்ல.

நாமோ வேறு விதமாக ஊரை இழந்தவர்கள். நமது கதவுகளைத் திறந்து காட்ட இயலாத நிலை நம்மிற் பலருக்கு ஏற்பட்டது. ஆனால் ஆவணப்படுத்துதல் என்ற ஒன்றை இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். காணி உறுதியும் உத்தரவுப்பத்திரமும் எரிந்து போயிருக்கலாம். வயலின் பெயர், எல்லையில் நின்ற பனை, பக்கத்துக் காணிக்காரரின் பெயர், எந்தக் குளத்திலிருந்து எந்த வாய்க்காலால் நீர் வந்தது, கிணறு வெட்டிய ஆண்டு, கடைசியாக விதைத்த போகம் என்பவை மூத்தவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்கள் மறைந்தால் அவையும் மறைந்துவிடும். ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் இருந்தால் போதும். பெற்றோர் சொல்ல, படிக்கும் பிள்ளை எழுதட்டும். உறுதிக்கு ஈடான சட்டப் பத்திரமாக அது ஆகிவிடாது. ஆனால் உரிமை கோரிச் செல்லும் நாளில் "எங்கே, எவ்வளவு, யாருக்குப் பக்கத்தில்?" என்று கேட்கும்போது தடுமாறாமல் பதில் சொல்ல அது உதவும். அந்த வயலைக் கண்ணால் காணாத பிள்ளைக்கோ அது ஊரையே கையில் கொடுக்கும்.

8. குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. மூன்று ஓவியங்களில் எது நமது வாழ்வுக்கு மிக அண்மையானது? ஏன்?

2. ஒரு மூடை நெல்லின் உற்பத்திச் செலவை எழுதுங்கள். குடும்பத்தாரின் கூலியில்லா உழைப்பையும் சேருங்கள். சந்தை விலையோடு ஒப்பிடுங்கள்.

3. நமது கமத்தில் பாய் தைத்தவர்கள் யார்? சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கு உண்டா?

4. பொதுவாக வைத்திருக்கும் கருவி ஒன்றைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு எழுதப்பட்ட ஒழுங்குகள் உண்டா? இல்லையெனில் இன்றே ஐந்து ஒழுங்குகளை எழுதுங்கள்.

5. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தன் காணியின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து வாருங்கள். வடிவம் நேராக இல்லாவிடினும் பரவாயில்லை. பக்கத்துக் காணிக்காரர் இருந்தால் இருவரது வரைபடங்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பொருந்தாத இடத்தை இருவருமாக நினைவுகூர்ந்து திருத்துங்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனால் முழு வயல்வெளியும் ஒரு நாள் தாளில் எழும்பிவிடும். அதில் குளத்தைக் குறிக்க மறந்துவிடாதீர்கள்.